கவனக்குறைவுன்னு எழுதாதீங்க, எர்த்தைப் பாருங்க

மழைக்காலம் ஆரம்பிச்சா பேப்பர் உள்பக்கத்துல நாலு வரிச் செய்தி ஒண்ணு தவறாம வரும். 'மோட்டார் போடச் சென்ற விவசாயி மின்சாரம் பாய்ந்து பலி.' இன்னொரு நாள் 'மின்கம்பத்தில் ஏறிய ஒப்பந்த ஊழியர் பலி.' இன்னொரு நாள் ரெண்டு கறவை மாடு. கடைசி வரி எல்லாத்துலயும் ஒண்ணுதான்: போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரிக்கின்றனர். அதைப் படிச்சுட்டு டவுன்ல இருக்கற நண்பர்கள் சொல்றதும் ஒண்ணுதான்: ஈரக்கையோட தொட்டா இப்படித்தான் ஆகும், கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம், கிராமத்துல விழிப்புணர்வு போதாது.

இந்தக் 'கவனக்குறைவு'ங்கற வார்த்தையோடதான் எனக்குச் சண்டை. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கற கதையா, செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல மாட்டான்ங்கற தைரியத்துல எல்லாப் பழியையும் அவன் தலையில கட்டிடறோம். இந்தியாவுல கரண்ட் அடிச்சுச் சாகறவங்க வருஷத்துக்கு 12,000 பேருக்கு மேலன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு சொல்லுது. அத்தனை பேரும் புத்தியில்லாதவங்களா? தண்ணி கட்டப் போறவனுக்குக் கை ஈரமாத்தான் இருக்கும், கால்ல செருப்பு இருக்காது. அது அவன் தொழில். அந்த ஈரக்கை தொட்டாலும் சாகாத மாதிரி ஏற்பாடு பண்ணி வைக்கறதுக்குப் பேருதான் எர்த்திங். அந்த ஏற்பாட்டைச் செய்யாம விட்டவங்க யாருன்னு எந்தச் செய்தியும் கேட்கறதில்லை.

முதல்ல நல்லா செஞ்சிருக்கற இடத்தைச் சொல்றேன். ஒரு சப்-ஸ்டேஷன் வேலிக்கு வெளிய நின்னு உள்ள பாருங்க. தரை முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டியிருக்கும். சேறாகாம இருக்கறதுக்கு, புல்லு முளைக்காம இருக்கறதுக்குன்னு நினைப்போம். அதுவும் சரிதான். முக்கியமான காரணம் வேற. அந்த ஜல்லிக்குக் கீழ சுமார் ரெண்டடி ஆழத்துல, கயித்துக் கட்டில் பின்னின மாதிரி இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா பதிச்சு, சேர்ற இடமெல்லாம் வெல்டு வெச்சிருப்பாங்க. அதுக்கு எர்த் மேட்னு பேரு. அங்க நிக்கற ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர், ஒவ்வொரு இரும்புத் தூண், ஒவ்வொரு பிரேக்கர் பெட்டியும் அந்த வலையோட இணைஞ்சிருக்கும்.

எதுக்கு இவ்வளவு? இடி விழுந்தாலோ, உள்ள எங்கயாவது லைன் பழுதானாலோ ஆயிரக்கணக்கான ஆம்பியர் கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கும். அப்படி இறங்கற இடத்துல மண்ணுக்கே வோல்ட் ஏறிடும். இறங்கற இடத்துல அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைச்சல். நடுவுல மேடு, சுத்தியும் சரிவுன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் அந்தச் சரிவுல நடந்தா முன்கால் ஒரு வோல்ட்லயும் பின்கால் இன்னொரு வோல்ட்லயும் இருக்கும். அந்த வித்தியாசம் அவன் உடம்பு வழியா ஓடும். அவன் எதையும் தொடவே வேண்டாம், நடந்தாப் போதும். இதை ஸ்டெப் வோல்டேஜ்னு சொல்றாங்க. இரும்புத் தூணைக் கையால பிடிச்சா, கைக்கும் காலுக்கும் நடுவுல வர்றது டச் வோல்டேஜ். எர்த் மேட் இருந்தா அந்த யார்டு முழுக்க ஏறக்குறைய ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும், சரிவு குறைஞ்சிடும். மேல இருக்கற ஜல்லி, நனைஞ்சிருந்தாலும் ஈரமண்ணைவிடப் பல மடங்கு கரண்டைத் தடுக்கும். அந்த ஜல்லி ஆளுங்க காலுக்குச் செருப்பு.

மேட்டுக்கும் துரு பிடிக்கும், அதையும் வருஷா வருஷம் அளந்து பார்க்கணும்ங்கறது வேற விஷயம். ஆனா வேலிக்கு உள்ள எப்படிச் செய்யணும்னு நம்ம எஞ்சினியர்களுக்கு நல்லாவே தெரியும். நம்ம ஆளுங்களே, நம்ம இரும்புலயே செய்யறாங்க. தெரியாததால வர்ற சாவு இல்ல இது. வேலிக்கு வெளிய வந்ததும் அந்த அறிவு எங்க போகுதுங்கறதுதான் என் கேள்வி.

வேலியைத் தாண்டி லைன் எங்க காடுதோட்டத்துக்குள்ள வருது. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கு. மேல 11,000 வோல்ட், எங்க கொங்குப் பக்கம்னா பல இடத்துல 22,000. கீழ வீட்டுக்கும் மோட்டாருக்கும் போற லைன். விதிப்படி அந்த டிரான்ஸ்பார்மரோட நியூட்ரலுக்கு மண்ணோட ரெண்டு தனித்தனி இணைப்பு இருக்கணும். இரும்பு உடம்புக்கும் ரெண்டு. இடிதாங்கிக்கு எர்த் தனி. ஏன் ரெண்டு ரெண்டுன்னா, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். உங்க சொந்த ஊருக்குப் போனா அடியில நின்னு எண்ணிப் பாருங்க. எங்க பக்கம் நான் பார்த்ததுல ஒரு பட்டையைத் துரு தின்னு தரைக்கு முழம் மேலயே நிக்குது. இன்னொண்ணைப் பழைய இரும்புக் கடைக்கு யாரோ கொண்டு போயாச்சு. குழி இருந்த இடத்துல எருக்கலஞ்செடி.

புதுசா போடறப்ப நடக்கறதையும் சொல்லணும். எங்க மண்ணு செம்மண், நாலடிக்குக் கீழ சுக்காங்கல், அதுக்கும் கீழ பாறை. எர்த் பைப்பு எட்டடி, பத்தடி இறங்கணும். பாறை தட்டுச்சுன்னா வேற இடம் பார்த்துத் தோண்டணும், இல்லாட்டி நாலஞ்சு குழி போட்டு ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும். எங்க ஊர்ல ஒரு ஒப்பந்தக்காரர் இதுக்குச் சுலபமான வழி கண்டுபிடிச்சார். பைப்பு நாலடியில நின்னுது, மீதியை அறுத்து வண்டியில போட்டுட்டார். மேல ரெண்டு மூட்டை கரி, உப்பு, சிமெண்ட் மூடி. பார்த்தா குழி மாதிரியே இருக்கும். "என்னங்கண்ணா, பாதி பைப்புதான இறங்குச்சு"ன்னு கேட்டதுக்கு, "கரண்டு வருதா இல்லீங்களா, அதைப் பாருங்க"ன்னார். கரண்ட் வந்துச்சுங்க. எர்த்தோட சிக்கலே அதுதான். அது இல்லாட்டியும் மோட்டார் ஓடும், டிவி ஓடும், ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்கலாம். அது தேவைப்படற அந்த ஒரு நொடியிலதான் இல்லாதது தெரியும்.

அந்த நொடியில என்ன நடக்குதுன்னு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டாங்கிளாஸ் பாடம்தான்: வோல்ட்டை ஓமால வகுத்தா ஆம்பியர். மோட்டார் ரூம்ல ஒரு வயர் உரிஞ்சு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுதுன்னு வெச்சுக்குங்க. 230 வோல்ட். பெட்டியோட எர்த் 2 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம் இருந்தா, சுமார் 57 ஆம்பியர் ஓடும். 20 ஆம்பியர் பியூஸ் கம்பி உருகிடும். பெட்டி செத்துப் போகும், ஆள் பிழைச்சுக்குவான். இப்ப பெட்டியோட எர்த்துன்னு சொல்லி காஞ்ச மண்ணுல ஒரு முழம் கம்பியை அடிச்சு வெச்சிருக்கு, அது 40 ஓம். ஓடறது சுமார் அஞ்சரை ஆம்பியர்தான். அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார் நல்லபடியா ஓடறப்பவே ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அப்ப பியூஸுக்கு என்ன தெரியும்? ஏதோ சின்ன மோட்டார் ஓடுதுன்னு நினைச்சு சும்மா இருக்கும். பெட்டி மேல 200 வோல்ட்டுக்கு மேல நின்னுக்கிட்டே இருக்கும், நாள் கணக்கா. தொடறவன் உடம்பு தோராயமா 1,000 ஓம்னு எடுத்தா, அவன் வழியா ஓடறது சுமார் 200 மில்லி ஆம்பியர். நெஞ்சு வழியா போனா, அதுல பாதியே இதயத்தை நிறுத்தப் போதும்.

எங்க ஊர்ப்பக்கம் மோட்டார் ரூமுக்குள்ள போனா ஸ்டார்ட்டர் பக்கத்துல ஒரு காஞ்ச குச்சி சொருகியிருக்கும், கீழ ஒரு ரப்பர் செருப்பு கிடக்கும். "பெட்டி கிர்ருங்குது, குச்சியால அமுத்துங்க"ன்னு சொல்வாங்க. டவுன்காரர் பார்த்தா சிரிப்பார். உயிருக்குப் பயந்தவன் தனக்குத் தெரிஞ்ச அளவுல செஞ்சுக்கிட்ட பாதுகாப்பு அது. கவனக்குறைவான ஆளா குச்சி தேடுவான்? குச்சி இருக்கற ஒவ்வொரு மோட்டார் ரூமும் 'இங்க எர்த் இல்ல'ன்னு எழுதி வெச்ச போர்டு மாதிரி. அவன் என்னைக்காவது ராத்திரி தூக்கக் கலக்கத்துல குச்சியை மறந்தா, மறுநாள் பேப்பர்ல நாலு வரி.

மாட்டைப் பத்தியும் சொல்லிடறேன். மழையில டிரான்ஸ்பார்மர்கிட்டயோ ஸ்டே கம்பிகிட்டயோ மாடு செத்துக் கிடந்தா 'பாவம், வாயில்லா ஜீவன்'னு சொல்லிட்டுப் போயிடறோம். மாட்டோட முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவுல அஞ்சடி. மனுஷன் எட்டு வைக்கறதைவிட ரொம்ப அகலம். ரெண்டு காலுக்கும் நடுவுலதான் அதோட இதயமும் இருக்கு. அதனால மண்ணுல ஏறின வோல்ட்டுக்கு மாடுதான் முதல்ல விழும். அந்த மாடு செத்த இடத்துல மண்ணைச் சோதிக்காம விட்டா, அடுத்து விழறது மேய்க்கற ஆள்.

இது ஏதோ குக்கிராமத்துப் பிரச்னைன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 2023 ஜூலை 19, உத்தராகண்ட் மாநிலம் சமோலி. அலக்நந்தா ஆத்தங்கரையில ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்க வேலை பார்த்த ஒருத்தர் செத்துக் கிடக்கார்னு தகவல் வந்து, போலீஸும் ஊர்க்காரங்களும் பார்க்கப் போனாங்க. அவங்க நின்ன இடத்துல இரும்புக் கைப்பிடியில கரண்ட் ஏறிடுச்சு. மொத்தம் 16 பேர் போனாங்க. பழைய குடிசை இல்ல, கங்கையைச் சுத்தம் பண்ற அரசுத் திட்டத்துல கட்டின நிலையம். ஒழுங்கா எர்த் ஆகி, கசிவைக் கண்டுபிடிச்சு அறுத்துவிடற பிரேக்கரும் இருக்கற ஒரு கைப்பிடி, ஒருத்தரை அடிச்சதுக்கப்புறமும் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. அந்த 16 பேர்ல யாரோட கவனக்குறைவுன்னு எழுதுவீங்க?

அடுத்தது அறுந்து விழற லைன். காத்துமழைக்கு 22,000 வோல்ட் கம்பி அறுந்து விழுந்தா, சப்-ஸ்டேஷன்ல இருக்கற ரிலே தானா லைனை நிறுத்திடும்னு நினைக்கறோம். ஈரமண்ணுல விழுந்தா பெரும்பாலும் நிறுத்தும். சுக்காங்கல் காட்டுல, காஞ்ச பாறையில விழுந்தா மண்ணுக்குள்ள போற கரண்ட் ரொம்பக் கம்மி. ரிலேவுக்கு அது தெரியவே தெரியாது. கம்பி உயிரோட அப்படியே புல்லுக்குள்ள கிடக்கும், விடியக்காலம் தண்ணி கட்டப் போறவன் காலுக்காக. ரோட்டைக் கடக்கற இடத்துல லைனுக்கு அடியில எர்த் பண்ணின கார்டு கம்பி வலை கட்டறது இதுக்குத்தான். அறுந்த கம்பி அந்த வலையில பட்டா ஒரே நொடியில ட்ரிப் ஆகும். அந்த வலையைக் கட்டாத கிராஸிங்கும் உண்டு, கட்டினாலும் அதோட எர்த் அறுந்து கிடக்கறதும் உண்டு.

இங்க டவுன்காரங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு, கோவிச்சுக்காதீங்க. லைன் ஒரு தடவை ட்ரிப் ஆனா, நடந்து பார்த்துட்டுத்தான் மறுபடி போடணும். மழையில அஞ்சு கிலோமீட்டர் நடந்து பார்க்க ஆள் வேணும், ஒரு மணி நேரமும் வேணும். அதுக்குள்ள ஆபரேட்டருக்கு போன் மேல போன்: "சார், கரண்ட் எப்ப வரும்?" தாங்காம ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். அந்த 'போட்டுப் பார்க்கற' நேரத்துல கம்பி பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு அவருக்குத் தெரியாது.

கம்பத்துல ஏறற ஆளுங்க கதை இன்னும் மோசம். எல்.சி. வாங்கி லைனை நிறுத்தினாலும் போதாது. வேலை செய்யற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டி, மூணு கம்பியையும் மண்ணோட சேர்த்துட்டுத்தான் கை வைக்கணும். ஏன்னா நிறுத்தின லைன்லயும் கரண்ட் வரும். கல்யாண மண்டபத்துல, கடையில, அபார்ட்மென்ட்ல சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் ஒழுங்கா இல்லாம ஜெனரேட்டர் போட்டா, அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியா திரும்பி ஏறி மேல ஆயிரக்கணக்கான வோல்ட்டா நிக்கும். எர்த் ராடு மாட்டியிருந்தா அது மண்ணுக்குப் போயிடும். மாட்டலைன்னா மேல இருக்கற பையன் வழியா போகும். தினக்கூலிக்கு ஏத்திவிடற பசங்க கையில நான் கட்டிங் பிளேயர் பார்த்திருக்கேன், எர்த் ராடு செட் பார்த்தது அபூர்வம். அவன் செத்தா 'பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை'ன்னு எழுதுவாங்க. கொடுத்தாங்களான்னு எழுத மாட்டாங்க.

இதைப் பேசினா வர்ற மறுப்பு மூணு. ஒண்ணு, "உங்களுக்கு மோட்டார் கரண்டே இலவசம், அப்புறம் என்ன கேள்வி?" எர்த் குழி இலவச மின்சாரத்துல சேர்ந்ததில்லைங்க. அதே டிரான்ஸ்பார்மர்லதான் பள்ளிக்கூடமும், ரேஷன் கடையும், பில்லு கட்டற வீடுகளும் இருக்கு. பில்லு இல்லாதவன் உயிருக்கு ஓம் கணக்கு தனியா?

ரெண்டு, "எர்த் பட்டையை உங்க ஊர்க்காரனேதான் திருடி விக்கறான்." உண்மைதான். ரயில்வேயிலயும் இரும்பு திருடு போகுது. அதுக்காகத் தண்டவாளத்தைச் சோதிக்காம வண்டி விடறதில்லையே. திருடு போகும்னு தெரிஞ்சா மண்ணுக்கு மேல தெரியற பகுதியை கான்கிரீட்ல மூடணும், அடிக்கடி பார்க்கணும். திருடனைக் காட்டிச் சோதனையைத் தள்ளிப் போடறது சாக்கு.

மூணு, "விவசாயிங்களே தப்பு பண்றாங்க." இதுலயும் உண்மை இருக்கு. மூணு பேஸ் இல்லாத நேரத்துல ஒரு பேஸை எடுத்து, கடப்பாரையை மண்ணுல அடிச்சு அதையே நியூட்ரலா வெச்சு பல்பு எரிக்கற பழக்கம் எங்க பக்கம் இருக்கு. அந்தக் கடப்பாரையைச் சுத்தியிருக்கற மண்ணு முழுக்க கரண்ட். கசிவு பிரேக்கர் மாட்டினா பழைய மோட்டாருக்கு அடிக்கடி விழுதுன்னு அதைக் கழட்டி நேரா கொடுக்கற எலக்ட்ரீஷியனும் இருக்கான். இதையெல்லாம் நான் நியாயப்படுத்தல. எங்க ஆளுங்ககிட்ட இதுக்காகத் திட்டு வாங்கறவன்தான் நான். ஆனா தனி ஆள் தப்பு பண்ணுவான்னு தெரிஞ்சுதான் பாதுகாப்பையே அமைக்கணும். தப்பு பண்ணாதவங்களுக்கு மட்டும் வேலை செய்யற எர்த் எதுக்கு?

விழிப்புணர்வு நோட்டீஸ் போதும். 'ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்'னு எத்தனை வருஷமா ஒட்டறீங்க. நான் கேட்கறது சின்ன விஷயம்தான். ஒழுங்கா நடத்தற சப்-ஸ்டேஷன்ல ஒவ்வொரு எர்த் குழிக்கும் நம்பர் போட்டு, அளந்த ஓமையும் தேதியையும் எழுதி வைப்பாங்க. அதே மாதிரி ஊருக்குள்ள இருக்கற ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர் கம்பத்துலயும் பெயிண்ட்ல எழுதுங்க: எர்த் இத்தனை ஓம், அளந்த தேதி இது. அளக்கறது சித்திரை, வைகாசியில இருக்கணும். ஐப்பசி மழையில அளந்தா எந்தப் பொய்க்குழியும் பாஸ் ஆயிடும். இதைப் பத்தி ஒரு அலுவலகத்துல கேட்டப்ப, "அதெல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க"ன்னாங்க. ரிஜிஸ்டர் பீரோவுல இருக்கு. மாடு மேய்க்கற அம்மா கம்பத்துக்குப் பக்கத்துலதான நிக்குது? அந்த எண்ணும் அங்கதான் இருக்கணும். தேதி பழசா இருந்தா நாங்க கேட்போம். கேட்கறதுக்கு ஏதாவது எழுதியிருக்கணும் இல்லீங்களா?

அதோட, கம்பம் ஏறற ஒவ்வொரு குழுவுக்கும், ஒப்பந்தப் பசங்க உட்பட, எர்த் ராடு செட். அறுந்த லைனை நடந்து பார்க்காம மறுபடி போடக் கூடாதுங்கற விதியைப் பிடிச்சுக்க ஆபரேட்டருக்குத் தைரியமும், நடந்து பார்க்க ஆளும். மோட்டார் சர்வீஸுக்கு கசிவு பிரேக்கரும் சரியான எர்த்தும் மானியத்துல. சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கற அரசாங்கத்துக்கு இது பெரிய காசில்லை.

இதைப் படிக்கற டவுன் நண்பர்கள் செய்யக்கூடியது மூணு இருக்கு. உங்க கட்டடத்து ஜெனரேட்டருக்கு சேஞ்ச்-ஓவர் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க, எங்க லைன்மேன் உயிர் அதுல இருக்கு. பிரிட்ஜ், கிரைண்டரோட மூணாவது பின்னை உடைச்சு ரெண்டு பின் பிளக்ல சொருகியிருந்தா அதை இன்னைக்கே மாத்துங்க. அந்த மூணாவது பின்தான் உங்க வீட்டு எர்த். மூணாவதா, உங்களுக்கு எழுதத் தெரியும், சட்டம் தெரியும். சொந்த ஊர் டிரான்ஸ்பார்மரோட நம்பரைக் குறிச்சுக்கிட்டு, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க: இதோட எர்த் கடைசியா எப்ப அளந்தீங்க, எத்தனை ஓம், அளந்தது யார்? மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் வரலைன்னா மேல்முறையீடும் பண்ணுங்க. ஒரு ஊருக்கு ஒருத்தர் கேட்டாலே பல பீரோ திறக்கும்.